முட்டையை உடைத்த நிலா

கலைமணிக்கு அருவருப்பு என்பதே கிடையாது என்று பண்ணையில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். புதுச்சத்திரத்துக்கு மேற்கே சின்னண்ணனின் முட்டைக்கோழிப் பண்ணையில் அவள் பதினோரு வருஷமாகச் சூப்பர்வைசர். நான்கு கொட்டகைகள், கொட்டகைக்குப் பன்னிரண்டாயிரம் கோழிகள். கூண்டுகளுக்கு அடியில் எரு இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். ஒரு மழை பெய்துவிட்டால் அது முழுக்கப் புழு நெளியும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் முதல் வாரம் சோற்றைத் தொட மாட்டார்கள். கலைமணியோ செத்த கோழியை வெறுங்கையால் எடுத்துப்போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, அங்கேயே நின்று தயிர்சோறு சாப்பிடுவாள். "கோழி பேலறதும் சாகறதும் அதுங்க தப்பா?" என்பாள்.

சேலத்தில் இயற்பியல் பட்டம் படித்தவள். மேலே படிக்க இடம் கிடைத்தும் வீட்டில் கல்யாணத்தை முடித்தார்கள். கணவன் மணியன் நாக்பூர் லைனில் லாரி ஓட்டினான். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். படித்த படிப்பு கோழிப்பண்ணையில் எதற்கும் உதவவில்லை. ஆனாலும் ஒரே ஒரு பழக்கத்தை அவள் விடாமல் வைத்திருந்தாள். தினமும் பத்து மணி டீ நேரத்தில் கைப்பேசியைத் திறந்து, அன்றைக்கு நிலா பூமியிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று பார்ப்பாள். பார்த்து, முட்டை ரிஜிஸ்டரின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வாள். ஒரு நாள் மூன்று லட்சத்து அறுபதாயிரம் இருக்கும். இரண்டு வாரம் கழித்து நான்கு லட்சத்தைத் தாண்டியிருக்கும். மறுபடி குறையும். இது எதற்கு என்று யாராவது கேட்டால், "சும்மாதான்" என்பாள். சும்மாதான் செய்தாள்.

சென்ற வருஷம் ஆடி மாதத்திலிருந்து பண்ணையில் விரிசல் முட்டை கூடிக்கொண்டே போனது. நூற்றுக்கு இரண்டாக இருந்தது ஐந்தாகி ஆறாகிவிட்டது. மூன்றாம் கொட்டகையில் ஒன்பது. உடைந்த முட்டை ஒழுகி அட்டையில் ஒட்டிக்கொண்டது. ஈ மொய்த்தது. புரட்டாசி பிறந்ததும் ஊரே கவிச்சியை நிறுத்திவிட, விற்காமல் தேங்கிய விரிசல் முட்டைகள் கிடங்கில் அழுகத் தொடங்கின. சின்னண்ணன் பொம்பளை ஆட்களைத் திட்டினார். "கையில என்ன, இரும்பா வெச்சிருக்கறீங்க? மெதுவா எடுக்கத் தெரியாதா?"

அப்போதுதான் குமரகுரு வந்தார்.

வெள்ளைக் காரில் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு, மல்லிகை அத்தர் வாசனை. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்டிருந்தார். என்ன டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. தீவனக் கிடங்கில் எல்லா ஆட்களையும் உட்கார வைத்து, மேடைப் பேச்சாகவே பேசினார்.

"நிலவு கடல்நீரை இழுக்கிறது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். முட்டைக்குள் இருப்பது என்ன? நீர்தானே? நிலவு பூமிக்கு அருகே வரும்போது அந்த நீர் பொங்கி ஓட்டை உள்ளிருந்து தள்ளுகிறது. ஓடு விரிகிறது. இன்னொரு செய்தி. நிலவு ஆண்டுக்கு ஆண்டு பூமியை நெருங்கி வருகிறது. அதனால்தான் இந்த ஆண்டு இத்தனை சேதம்."

அதற்கு மருந்தாகச் 'சந்திர சத்து' என்று ஒரு பொடியைக் காட்டினார். நிலா நெருங்கும் நாட்களில் தீவனத்தில் கலக்க வேண்டுமாம்.

கலைமணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் குமரகுரு அதோடு நிறுத்தவில்லை.

"பொடி மட்டும் போதாது. நிலவின் இழுப்பு பெண்களின் உடலிலும் வேலை செய்கிறது. மாதவிலக்கு ஏன் மாதத்துக்கு ஒருமுறை வருகிறது? அந்த நாட்களில் கொட்டகைக்குள் வரும் பெண்ணின் உடற்சூடு கோழியைத் தாக்கும். ஆகவே ஒவ்வொரு பெண்ணின் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நாட்களில் உள்ளே விடாதீர்கள்."

கிடங்கில் ஒன்பது ஆண்களும் பதினான்கு பெண்களும் இருந்தார்கள். முன்வரிசையில் வித்யா உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது, வேலைக்கு வந்து நான்கு மாதம். குமரகுரு அவளைப் பார்த்து விரலை நீட்டினார்.

"உனக்கு எப்போது ஆனது? கூச்சப்படாதே, இது விஞ்ஞானம்."

தீவன மூட்டை தூக்குகிற ஆட்களில் ஒருவன் சிரித்தான். வித்யா தரையைப் பார்த்தாள். அவள் காதுமடல் சிவந்து போயிற்று. குமரகுரு விரலை மடக்காமல் பதிலுக்குக் காத்திருந்தார். சின்னண்ணன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோரு வருஷத்தில் எருக்குழியிலும் புழுவிலும் வராத குமட்டல் கலைமணிக்கு வந்தது. எழுந்து வித்யாவின் தோளைத் தொட்டு, "ட்ரே அடுக்கோணும், வா" என்று வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

அன்று மாலை சின்னண்ணன் ஒரு புது நோட்டை அவள் மேசையில் வைத்தார். அட்டையில் 'தேதி நோட்டு' என்று அவரே எழுதியிருந்தார்.

"பொம்பளைங்க விசயம், நீயே கேட்டு எழுதிக்க கலை. நான் கேட்டா நல்லா இருக்காது பாரு."

"நான் கேட்டாலும் நல்லா இருக்காதுங்க."

"படிச்சவ இப்படிப் பேசலாமா? அவரு விஞ்ஞானம் சொல்றாரு."

அந்த நோட்டை அவள் தொடவில்லை. சனிக்கிழமை மாலை வீட்டுக்கு எடுத்துப் போனது பழைய முட்டை ரிஜிஸ்டர்களையும் தீவன ரிஜிஸ்டரையும். மறுநாள் காலையில் சாப்பிட்டுவிட்டு வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தாள். தினம் எத்தனை விரிசல் என்பது முட்டை ரிஜிஸ்டரில் இருந்தது. ஓரத்தில் பென்சிலில் நிலாவின் தூரமும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வருஷத்துக்கு எழுதினாள்.

பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி நிலா நான்கு லட்சத்து ஆறாயிரம் கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. அந்த வருஷத்திலேயே மிகவும் எட்டிப் போன பௌர்ணமிகளில் அது ஒன்று. அன்று நூற்றுக்கு நான்கு முட்டை விரிசல். அதற்கு இரண்டு வாரம் கழித்து, சித்திரை அமாவாசையன்று, கண்ணுக்கே தெரியாத நிலா மூன்று லட்சத்து ஐம்பத்தேழாயிரத்துக்கு நெருங்கி வந்திருந்தது. அன்றும் நூற்றுக்கு நான்கு. ஐம்பதாயிரம் கிலோமீட்டர் நெருங்கியும் ஒரு முட்டைகூடக் கூடுதலாக உடையவில்லை. அந்த நான்குக்குக் காரணம் கோடைச் சூடு. வெயிலில் கோழி வாயைப் பிளந்து மூச்சிரைக்கும், ஓடு மெல்லிசாகும். இது எல்லாப் பண்ணைக்காரனுக்கும் தெரிந்ததுதான். வைகாசி முடிந்து காற்று வந்ததும் எண்ணிக்கை இரண்டுக்கு இறங்கியிருந்தது. பிறகு ஆடி மூன்றாம் தேதி முதல் ஏறியது. நிலா நெருங்கினாலும் ஏறியது, விலகினாலும் ஏறியது.

ஆடி மூன்றாம் தேதி என்ன நடந்தது? தீவன ரிஜிஸ்டரைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் கிளிஞ்சல் மாறியிருந்தது. முட்டை ஓடு கெட்டியாக இருப்பதற்காகத் தீவனத்தில் கலக்கும் கிளிஞ்சல் தூளை அதுவரை தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார்கள். ஆடியிலிருந்து சின்னண்ணனின் மைத்துனர் கொண்டுவந்து இறக்கினார்.

திங்கட்கிழமை காலை அவள் இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்தாள். ஒன்றில் மூலையில் கிடந்த பழைய மூட்டைக் கிளிஞ்சல், இன்னொன்றில் புதியது. இரண்டிலும் கழிப்பறை கழுவுகிற ஆசிட்டை ஊற்றினாள். பழையது நுரைத்துக் கரைந்து போனது. புதியது கொஞ்சம் நுரைத்தது, பிறகு அடங்கியது. டம்ளரில் பாதிக்கு மணல் நின்றது. குமரகுருவின் சந்திர சத்திலும் ஒரு கரண்டி போட்டுப் பார்த்தாள். அது நுரைக்கவே இல்லை. மஞ்சளாகக் கலங்கியது, அத்தர் வாசனை அடித்தது.

டம்ளர்களையும் கணக்கையும் சின்னண்ணனின் அறைக்கு எடுத்துப் போனாள். அவர் டம்ளரைப் பார்த்தார், மணலைப் பார்த்தார். முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"எனக்குத் தெரியும் கலை" என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. "என்னங்க தெரியும்?"

"கிளிஞ்சல் சரியில்லேன்னு ஆவணியிலயே தெரியும். மச்சானை நிறுத்தச் சொன்னா ஊட்டுல சோறு கெடைக்காது. மூணாங் கொட்டாயி கோழிக்கும் வயசாயிப் போச்சு, கழிச்சிருக்கோணும். அதையெல்லாம் யேவாரிங்ககிட்டச் சொல்ல முடியுமா? நெலாவுன்னு சொன்னா ஒருத்தனும் சண்டைக்கு வர மாட்டான். எல்லாப் பண்ணைக்கும் மேல இருக்கறது ஒரே நெலாதானே."

"அப்போ அந்தத் தேதி நோட்டு எதுக்குங்க?"

"அவரு சொல்றதுல பாதிய மட்டும் செஞ்சா நம்புவாங்களா? முழுசா செஞ்சாத்தான் நம்புவாங்க."

சொல்லிவிட்டு இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டார். அவர் உதட்டோரம் சட்னி வழிந்ததை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அறியாமல் செய்கிறார் என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தாள். அறியாதவருக்கு எடுத்துச் சொல்லலாம். இவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தே வித்யாவை அத்தனை பேர் முன்னால் குனிய விட்டார். கலைமணிக்கு அந்த அறையின் காற்றையே மூச்சில் இழுக்கப் பிடிக்கவில்லை. டம்ளர்களை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் சின்னண்ணனின் ஆட்கள் வித்யாவைக் கொட்டகை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு அந்த நாள் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. ஒருவேளை யாரும் சொல்லாமலே முடிவு செய்திருக்கலாம். வேப்பமரத்தடியில் சாப்பாட்டுத் தூக்குடன் அவள் நின்றாள். தீவன லாரிக்காரர்கள், முட்டை ஏற்ற வந்தவர்கள் என்று போகிற வருகிற ஆண்களெல்லாம் அவளை ஒரு பார்வை பார்த்தார்கள். எதற்காக நிற்கிறாள் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பத்து மணிக்கு மாரக்காள் கொட்டகையை விட்டு வெளியே வந்தாள். அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. பண்ணை தொடங்கிய நாளிலிருந்து முட்டை பொறுக்குகிறவள். கலைமணியின் மேசைக்கு வந்து அந்தப் புது நோட்டைக் கையில் எடுத்தாள்.

"ஏனம்மணி, இதுல என்னத்த எழுதோணும்? எனக்கு நின்னு ஏழு வருசமாச்சு. அத எழுதிக்கறயா?"

"நான் எதையும் எழுதப் போறதில்லீங்க அக்கா."

"நீ எழுதாட்டி வேற ஒருத்தி எழுதுவா." மாரக்காள் நோட்டை எடுத்துக்கொண்டு நேரே எருக்குழிக்குப் போனாள். தலைக்கு மேல் கையை ஓங்கி அதைப் புழுவுக்குள் வீசினாள். பிறகு வேப்பமரத்தடிக்குப் போய் வித்யாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒருத்தி பின் ஒருத்தியாக மற்றவர்களும் வந்தார்கள். கலைமணி கடைசியாகப் போய் உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு மணி வரை நாற்பதாயிரம் முட்டை எடுக்க ஆளில்லாமல் கூண்டு விளிம்பில் உருண்டு கிடந்தது. சின்னண்ணன் வந்து கத்தினார், பிறகு கெஞ்சினார். புதுச்சத்திரத்தைச் சுற்றி எந்தப் பண்ணையிலும் ஆள் கிடைக்காத காலம் அது. பதினான்கு பேரும் அடுத்த பண்ணைக்கு நடந்துபோனால் அன்று மாலையே வேலை கிடைக்கும். அது அவருக்கும் தெரியும்.

"சரி, நோட்டு கீட்டு ஒண்ணும் வேண்டாம். எல்லாரும் உள்ள போங்க" என்றார்.

"அந்தப் புள்ளைகிட்ட மன்னிப்புக் கேளுங்க" என்றாள் மாரக்காள்.

அவர் கேட்கவில்லை. திரும்பிப் போய்விட்டார். பெண்கள் உள்ளே போனார்கள். வித்யா மட்டும் அன்றோடு நின்றுவிட்டாள். ராசிபுரத்தில் ஒரு துணிக்கடையில் சேர்ந்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

இத்துடன் முடிந்தது என்று கலைமணி நினைத்தாள். ஐப்பசி நடுவில் மணியன் நாக்பூரிலிருந்து கூப்பிட்டான். "உன்ற போட்டோ வாட்ஸப்புல வருது. என்ன அது?" அனுப்பி வைத்தான். குமரகுருவின் நோட்டீஸ் அது. நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் பண்ணையாளர் கூட்டம், அந்த ஆண்டின் மிகப் பெரிய பௌர்ணமிக்கு முந்தின நாள். கீழே, 'இயற்பியல் பட்டதாரி, பண்ணை சூப்பர்வைசர் கலைமணி அவர்களின் அனுபவ உரை'. அவளுடைய அடையாள அட்டையிலிருந்த படத்தைச் சின்னண்ணன் கொடுத்திருக்கிறார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"போகாத" என்றான் மணியன்.

"போகாட்டியும் என்ற படம் அங்கதான் இருக்கும். போறேன்."

மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். மேடைக்குப் பின்னால் திரையில் ஒரு கோழிப்பண்ணை மேல் பிரம்மாண்டமான நிலா, கூரையை நசுக்குகிற மாதிரி. மல்லிகை அத்தர் மண்டப வாசல் வரைக்கும் அடித்தது. குமரகுரு அவளைக் கும்பிட்டு வரவேற்று மைக்கைக் கொடுத்தார்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. "இவரு சொன்னதுல ஒண்ணு மட்டும் நெசம். நெலாவோட தூரம் மாறுதுங்க. மாசத்துக்கு ஒருக்கா கிட்ட வந்துட்டு எட்டிப் போகும். ஆனா கிட்ட வர்ற நாளும் பௌர்ணமியும் ஒண்ணு இல்லீங்க. இந்தச் சித்திரையில அமாவாசைக்கு வந்துது, யாரு பாத்தோம்? அன்னிக்கு உங்க பண்ணையில எத்தன ஒடைஞ்சுதுன்னு போயிப் பாருங்க. கடல் ஆயிரக்கணக்கான மைல் அகலம், அதனால பொங்குது. முட்டை என்ன அகலம்?"

கூட்டம் அமைதியாகக் கேட்டது. அவளுக்கு நம்பிக்கை வந்தது.

"வருசா வருசம் நெருங்குதுன்னாரு. அது பொய்ங்க. வருசத்துக்கு நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா அது தள்ளிப் போயிட்டுத்தான் இருக்குது. அங்க போனவங்க வெச்சுட்டு வந்த கண்ணாடி மேல இங்கிருந்து லேசர் அடிச்சு அளந்திருக்கறாங்க. கடல் பொங்கற பொங்கல், பூமி சுத்தற வேகத்துல நெலாவுக்குக் கொஞ்சம் முன்னால போயி நிக்குது. அது நெலாவை முன்னுக்கு இழுத்து இழுத்தே வெளிய தள்ளுது. குமரகுரு ஐயா பொறந்த நாள்ல இருந்து ரெண்டு மீட்டர் தள்ளிப் போயிருக்கும். உங்க முட்டை ஒடையறது நெலாவுனால இல்லீங்க. கிளிஞ்சலை ஆசிட்ல போட்டுப் பாருங்க, மணல் நிக்கும்."

சின்னண்ணன் முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார். குமரகுரு கோபப்படவில்லை. புன்னகையோடு மைக்கை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கினார்.

"கேட்டீர்களா? நிலவு பூமியை விட்டு விலகுகிறது என்கிறார் இயற்பியல் படித்த சகோதரி. கோடானுகோடி ஆண்டுகளாக இருந்த பிடிப்பு தளர்கிறது! பிடிப்பு தளர்ந்தால் முட்டையின் சமநிலை என்ன ஆகும்? இதைத்தான் சந்திர சத்து சரி செய்கிறது."

கை தட்டினார்கள். நெருங்கினாலும் பொடி, விலகினாலும் பொடி. மேடையை விட்டு இறங்கும்போது ஒரு பண்ணைக்காரர் அவளை மறித்து, "நல்லாச் சொன்னீங்கம்மா, எத்தன பாக்கெட் வாங்கலாம்?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். கலைமணி மண்டபத்தின் பின்பக்கம் போய், எச்சில் இலைத் தொட்டியின் பக்கத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

மறுநாளே வேலையை விட்டாள். சின்னண்ணன் தடுக்கவில்லை. பரமத்தி ரோட்டில் தீவனம் சோதிக்கிற ஒரு சின்ன ஆய்வகத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது.

கார்த்திகையில் மாரக்காள் போனில் கூப்பிட்டாள். "மொதலாளி மச்சானோட கிளிஞ்சலை நிறுத்திப்புட்டாரு அம்மணி. பழைய எடத்துல இருந்தே வருது. மூணாங் கொட்டாயிக் கோழியும் கழிச்சாச்சு. இப்ப நூத்துக்கு ரெண்டுதான் ஒடையுது."

"நல்லதுதானுங்களே அக்கா."

"என்ன நல்லது போ! அந்தச் செண்டுக்காரன் வந்து படம் புடிச்சுட்டுப் போறான். அவம் பொடியினாலதான் கொறைஞ்சுதாமா. மொதலாளியும் பக்கத்துல நின்னு பல்லைக் காட்டறாரு. நீ மேடையில பேசுனதையும் பாதிய வெட்டிப் போட்டிருக்கறானுங்க, பேரன் காமிச்சான்."

கலைமணி வாட்ஸப்பில் அந்த வீடியோவைத் தேடிப் பார்த்தாள். 'நெலாவோட தூரம் மாறுதுங்க' என்று தன் குரல் சொல்வதையும், உடனே பொடிப் பாக்கெட் திரையில் எழும்புவதையும் ஒரு முறை பார்த்தாள். போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டார்கள். வீடியோ இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அன்று போனை வைக்கும் முன், "அந்த நோட்டு?" என்று மட்டும் மாரக்காளிடம் கேட்டிருந்தாள்.

"அதப் பத்தி ஒருத்தனும் வாயத் தொறக்கறதில்ல. பக்கத்துப் பண்ணையில ஆரம்பிச்சானுங்க. அங்க இருக்கற பொம்பளைங்க எங்களக் கேட்டுட்டுப் போயி ஒரு நாள் உக்காந்தாங்க. முடிஞ்சுது."

ஆய்வகத்தில் இப்போது தினமும் ஐந்தாறு கிளிஞ்சல் பைகள் சோதனைக்கு வருகின்றன. மண்டபத்தில் அன்று கேட்டவர்களில் சிலர் அனுப்புகிறார்கள். வெளியே சொல்லிக்கொள்வதில்லை. சென்ற வாரம் வந்த ஒரு பையில் நூற்றுக்கு நாற்பது மணல். கலைமணி அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு, பண்ணைக்காரரைப் போனில் அழைத்துச் சொன்னாள்.

அவர், "இத யாருகிட்டயும் சொல்லிராதீங்கம்மா. கிளிஞ்சல் குடுக்கறவரு நமக்குச் சொந்தம்" என்றார்.

"சீ" என்றாள் கலைமணி. போனை வைத்துவிட்டு அடுத்த பையை அவிழ்த்தாள்.